ரட்சகருக்கு உடம்பு கொடுத்தவள்

திரையில் பார்த்தால் ஆறடிக்கு மேல் உயரம். தோளில் புரளும் முடி, வெள்ளை அங்கி, தலைக்குப் பின்னால் வட்டமாக ஒரு வெளிச்சம். அவன் கால் வைத்த இடத்தில் காய்ந்த மண்ணில் புல் முளைக்கும். உள்ளங்கையில் ஒரு தழும்பு, அதைக் காட்டினால் கெட்டவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். இத்தனை பெருமையும் உள்ள அந்த ரட்சகனின் நடை மட்டும் நாற்பது வயது தாண்டிய ஒரு குடும்பத் தலைவியுடையது. ஆள் குள்ளம். மழைக்காலத்தில் இடது முழங்கால் பேசும். அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லி அவனை உருவாக்கிய வீடியோ கேம் கம்பெனியில் விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். பந்தக்கா என்று கேட்டால் வாட்ச்மேன் எழுந்து வந்து வழி காட்டுவார்.

பந்து என்ற பெயர் சின்ன வயதில் வந்தது. மதில்மேல் நடப்பாள், விழுவாள். மாடிப்படியில் ஓடுவாள், விழுவாள். விழுகிற அந்த ஒரு நொடியில் உடம்பைச் சுருட்டி, உருண்டு, எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். அவள் அம்மா முதலில் அலறினாள், பிறகு திட்டினாள், அப்புறம் சத்தம் கேட்டால் அடுப்படியிலிருந்தே "எதையாச்சும் உடைச்சியா?" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் அதையே ஜிம்னாஸ்டிக்ஸ் என்று சொல்லிக் கொடுத்து மெடல் மாட்டினார்கள். வளர்ந்து அதே மாதிரி ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர் ஆனாள். கொஞ்ச வருஷத்தில் விளையாட்டுப் பீரியடை எல்லாம் கணக்குப் பாடம் விழுங்கிவிட்டது. டீச்சரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளும் போய் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தாள். அதுவும் விழுந்து எழுகிற வேலைதான், மெடல் மட்டும் கிடையாது.

கேம் கம்பெனி விளம்பரத்தைப் பார்த்தவள் மூத்த மகள். "அம்மா, விழத் தெரிஞ்சவங்க வேணுமாம். இதைவிட உனக்குன்னே ஒரு வேலை எவன் போடுவான்?"

அது ஒரு பழைய கிடங்கு. தரை முழுக்க ரப்பர் மெத்தை. மேலே சுற்றிலும் கேமராக்கள், புதிதாக வந்த மருமகளைப் பார்க்கிற மாதிரி எல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். உடம்போடு ஒட்டின கறுப்பு உடை ஒன்றைக் கொடுத்து, அதன்மேல் கோலிக்குண்டு அளவில் பளபளக்கும் உருண்டைகளை ஒட்டுவார்கள். கேமராக்களுக்கு முகம் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது, அந்த உருண்டைகள் மட்டும்தான் தெரியும். அவை எப்படி அசைகின்றனவோ அப்படியே திரையில் உள்ள பொம்மை அசையும். முதல் நாள் அந்த உடையைப் போட்டுக்கொண்டு வெளியே வரக் கூச்சப்பட்டு, அதற்குமேல் புருஷனின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். சட்டை உருண்டைகளை மறைத்துவிட்டது. திரையில் ரட்சகன் இடுப்பு ஒடிந்து, மார்பு முதுகுப்பக்கம் போய், துவைத்துப் பிழிந்த துணி மாதிரி நின்றான். கம்பெனியே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கூச்சமும் அதோடு போயிற்று.

அந்த விளையாட்டின் கதையை எழுதி இயக்கியவரைப் பின்னால் எல்லோரும் சாமியார் என்பார்கள். தாடி இருந்தது. யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். கதை இதுதான்: ஒரு ஊரில் தண்ணீர் வற்றிவிட்டது. ஒருவன் வருவான், காப்பாற்றுவான் என்று பழைய பாட்டு ஒன்று சொல்கிறது. வானத்தில் புது நட்சத்திரம் தெரிகிறது, ஏழை வீட்டில் அவன் பிறக்கிறான். மரத்தடியில் உட்கார்ந்து ஞானம் பெறுகிறான். தண்ணீர்மேல் நடக்கிறான். கூட இருந்தவனே காட்டிக் கொடுக்கிறான். உலகத்தில் உள்ள எல்லா மதத்திலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டிருந்தார். ஊரின் கடைசிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரட்சகன் மலை ஏற வேண்டும். உச்சியில் உள்ள பாறையைக் குழந்தை தொட்டால் ஊற்று திறக்கும்.

பந்தக்காவுக்குக் கதையைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் இல்லை. சொன்ன இடத்தில் விழுந்தாள். அம்பு பட்டு விழுந்தாள், பாலத்திலிருந்து விழுந்தாள், பெஞ்சின்மேல் படுத்துக் கையைக் காலை உதைத்து மூழ்கிச் செத்தாள். அவள் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். வேலை செய்யும் இடத்தில், "எங்க வீட்டம்மா ஆபீஸ் போய் தினம் சாகுது, சாயங்காலம் வந்து எனக்கு டீ போடுது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சாவதில் அவளுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. ஒரு சாவு மாதிரி இன்னொரு சாவு இருக்காது. வயிற்றில் அடிபட்டவன் எப்படி மடங்குவான், முதுகில் அடிபட்டவன் எப்படி வளைவான் என்று சமையல் பண்ணிக்கொண்டே யோசிப்பாள். கரண்டியோடு திடீரென்று முட்டி போட்டு உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்த மகள் வேறொரு கேம் ஆடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பந்தக்கா கேட்டாள்.

"இதுலயும் இவன்தான் ஊரைக் காப்பாத்துறானா?"

"எல்லாத்துலயும் அப்படித்தாம்மா. ஒருத்தன் வருவான். அவன்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன்."

"யாரு தேர்ந்தெடுத்தா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது."

"சரி, மத்தவங்கல்லாம் என்ன பண்றாங்க?"

"நிப்பாங்க. அவன் கிட்ட வந்தா, 'ஐயா காப்பாத்துங்க'ன்னு சொல்லுவாங்க."

"வேலைவெட்டி இல்லாத ஊரா இருக்கே."

அதற்குள் மகளின் வீரன் தீயில் விழுந்து செத்தான். அவள் ஒரு பட்டனை அமுக்கினாள். அவன் எழுந்து நின்று தூசியைத் தட்டிக்கொண்டான்.

"அவ்வளவுதானா? செத்ததுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"அம்மா, நீ துணியை மடி."

இதே விஷயம்தான் சாமியாரையும் அரித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் டீ குடிக்கும்போது அவளிடம் மனசைத் திறந்தார்.

"பந்தக்கா, கடைசியில என் ரட்சகன் ஊருக்காகச் சாகணும். ஆனா அதுக்கு முன்னாடி விளையாடுறவங்க கையில அவன் நூறு தடவை செத்திருப்பான். நூறு தடவையும் பட்டனை அமுக்கி எழுப்பியிருப்பாங்க. இதையும் அமுக்குவாங்க. தியாகம்னு எவன் நம்புவான்?"

"நம்ப மாட்டாங்கதான்."

"அதனால அந்த விழுகையைப் பாத்ததும் பட்டன்மேல இருக்கிற விரல் அப்படியே நின்னுடணும். மலைப் பாதையில நெஞ்சுல அம்பு. ரெண்டு கையையும் விரிச்சு, முகம் வானத்தைப் பாக்க, அப்படியே மல்லாந்து விழறான். குழந்தை கையிலிருந்து நழுவி உருண்டு போகுது. எல்லாக் கோயில் சுவத்துலயும் இருக்கிற மாதிரி ஒரு படம். அதுக்கப்புறம் ஒளி. நீங்க மட்டும்தான் இதைப் பண்ண முடியும்."

அவளுக்கு அது நிஜமாகவே ஆசையாக இருந்தது. இரண்டு வருஷமாக ரட்சகனுக்காக நடந்தாள், ஓடினாள், உட்கார்ந்தாள், கதவு திறந்தாள். யாரும் கவனிக்காத வேலை எல்லாம் அது. இந்த விழுகையை எல்லோரும் பார்ப்பார்கள். வாழ்நாள் முழுக்க விழுந்ததற்கு இதுதான் பலன் என்று நினைத்தாள். வீட்டில்கூடச் சொல்லிவிட்டாள்.

ஒத்திகைக்குக் குழந்தையாக ஒரு துணிப் பொம்மையைக் கொடுத்தார்கள். உள்ளே மணல் அடைத்து, ஒரு நிஜக் குழந்தையின் கனத்துக்கு வைத்திருந்தார்கள். தலை கொஞ்சம் ஆடும்.

சாய்ந்த மரப்பலகையில் மேலே ஏறினாள். அம்பு என்று சாமியார் கத்தினார். விழுந்தாள். எழுந்து பார்த்தால் பொம்மை அவள் நெஞ்சோடு இருந்தது. முதுகும் முழங்கையும் தரையில், பொம்மையின் தலை அவள் உள்ளங்கையில்.

"அக்கா, கையை விரிக்கணும்."

"ஆமா சார். மறந்துட்டேன்."

மறுபடி ஏறினாள். மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை ஒரு கை விரிந்தது, மற்றொரு கை பொம்மையின் இடுப்பை விடவில்லை. மூன்றாவது முறை விழுவதற்கு முன்னால் பொம்மையைக் கீழே வைத்துவிட்டு விழுந்தாள். அம்பு பட்டவன் பையை இறக்கி வைத்துவிட்டா சாவான் என்று எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானம் வரைக்கும் விழுந்தாள். கையை விரி என்று மூளை சொல்லும்போதே உடம்பு திரும்பிக்கொண்டது. மணல் மூட்டை என்று அவளுக்குத் தெரியும். அதன் காதில் தையல் பிரிந்திருந்ததுகூடத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அடுத்த இரண்டு நாளும் அப்படியே போயிற்று. வீட்டில் தலையணையை வைத்துப் பழகினாள். தலையணை நன்றாகவே விழுந்தது. அதைப் போர்வையில் சுற்றினால் கை பிடித்துக்கொண்டது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று புருஷன் தலையணைக்குப் பேனாவால் இரண்டு கண் வரைந்து கொண்டு வந்தார்.

"இப்ப பழகு. நிஜம் மாதிரியே இருக்கும்."

"உங்களுக்கு அறிவு இருக்கா? கண்ணு வெச்சா எப்படிங்க போடுவேன்?"

"தலையணைதானேம்மா."

"அப்ப நீங்க போடுங்க பாக்கலாம்."

அவர் தூக்கினார். அதன் மூஞ்சியைப் பார்த்தார். மெதுவாகச் சோபாவில் வைத்தார். "சனியன், பாக்குது" என்றார்.

நான்காம் நாள் சாமியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டே பேசினார், அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு டான்ஸ் ஆடுற தம்பியை வரச் சொல்லியிருக்கேன் அக்கா. அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும். நாளைக்குக் காலையில உங்களோட நடை கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதை எடுத்துடுவோம். அதோட உங்க வேலை முடிஞ்சுது."

"சரி சார்."

"கோவமா?"

"கோவம் என்ன சார். பொம்மையைப் போடத் தெரியாதவளை வெச்சு நீங்க எத்தனை நாள் மல்லுக்கட்டுவீங்க?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசு கேட்கவில்லை. வீடு முழுக்கக் கூட்டிப் பெருக்கித் துடைத்தவளை, விருந்தாளி செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் பின்வாசல் வழியாகப் போகச் சொன்ன மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் கேட்டதற்கு முழங்கால் வலி என்றாள்.

மறுநாள் அந்தத் தம்பி வந்தான். நல்ல உயரம், நல்ல உடம்பு, நல்ல பிள்ளையாகவும் இருந்தான். வந்ததும் அவளிடம்தான் போனான்.

"அக்கா, ரட்சகன் நடையை வீடியோவுல ரெண்டு நாளா பாத்துட்டே இருந்தேன். விழறதுக்கு முன்னாடி நாலு அடி நான் நடக்கணும். உங்க நடைதான் வரமாட்டேங்குது."

அவள் நினைத்திருந்தால் எனக்கென்ன என்று போயிருக்கலாம். போகவில்லை. பொம்மையை அவன் கையில் கொடுத்தாள். "தம்பி, நெஞ்சை நிமித்தாதே. நீ மேடையில நடக்கிறே. கனத்தைத் தூக்கிட்டு மேட்டுல ஏறும்போது யாரும் அழகா ஏற மாட்டாங்க. மூச்சைப் பாத்து அடி வை. கால் முன்னாடி போகட்டும், உடம்பு அதை நம்பிப் பின்னாடி வரட்டும்." தன் கையை விட்டுப் பறிபோன வேலையை, தானே உட்கார்ந்து இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவனுக்கு வருகிற வரைக்கும் விடவில்லை. இதைச் செய்கிற மனசு எத்தனை பேருக்கு வரும் என்று தெரியவில்லை.

அவளுடைய மிச்ச நடையை எடுத்து முடித்தார்கள். உடையை மாற்றப் போகாமல் மெத்தை ஓரத்தில் நின்றாள். தன் ரட்சகன் எப்படி விழுகிறான் என்று பார்க்க வேண்டாமா?

கேமராக்கள் ஓடின. தம்பி ஏறினான், அவள் சொன்ன மாதிரியே ஏறினான். அம்பு. அப்பா, என்ன விழுகை அது. இரண்டு கையும் பறவை மாதிரி விரிந்தன. முதுகு வில்லாக வளைந்தது. பொம்மை அவன் கையிலிருந்து நழுவி, பலகையில் உருண்டு, தலை ஆடி, விளிம்புக்குப் போயிற்று.

அப்புறம் என்ன நடந்தது என்று அவளைக் கேட்டால் தெரியாது என்பாள். பார்த்தவர்கள்தான் சொன்னார்கள். மெத்தை ஓரத்திலிருந்து ஒரு பாய்ச்சல். முட்டியில் சறுக்கி, பொம்மையைத் தரை தொடுவதற்கு முன் வாரி எடுத்து, ஒரு சுற்று உருண்டு, அடுத்த நொடி அது அவள் இடுப்பில். கை தானாக அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

தரையில் கை விரித்துக் கிடந்த தம்பி ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"அக்கா, நான் செத்துட்டேனா இல்லையா?"

அவள் பொம்மையைப் பார்த்தாள். கேமராக்களைப் பார்த்தாள். பொம்மையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தானும் மூலையில் போய் உட்கார்ந்து, உடையில் ஒட்டியிருந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தாள். மரியாதையாக அனுப்பியிருப்பார்கள், இப்போது திட்டி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தாள். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதுதான் கவலை.

சாமியார் திட்டவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எடுத்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். கண்ணை மூடவே இல்லை. பிறகு கூப்பிட்டார்.

திரையில் ரட்சகன் கை விரித்து விழுந்து கிடந்தான். அவள் உடம்பிலும் உருண்டைகள் இருந்ததால் கேமராக்கள் அவளையும் விடவில்லை. அதே முடி, அதே அங்கி, அதே வெளிச்சத்தோடு இன்னொரு ரட்சகன் எங்கிருந்தோ ஓடி வந்து குழந்தையைப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"ரெண்டு பேர் இருக்காங்க" என்றான் தம்பி.

"இந்த ரெண்டாவது ஆள் யாரு?" என்றார் சாமியார்.

"நான்தான் சார். தப்புதான். கால் போயிடுச்சு."

"இல்லக்கா. கதையில யாரு?"

"கதையில என்ன சார்? அங்க நின்னுட்டிருந்த யாரோ ஒருத்தி. அவ்வளவு கூட்டத்தை வரைஞ்சு நிறுத்தியிருக்கீங்க, ஒருத்திக்குக்கூடவா கை இருக்காது?"

அவள் அதைப் பெரிய விஷயமாக நினைத்துச் சொல்லவில்லை, கோபத்தில் சொன்னாள். சாமியார்தான் அதைப் பிடித்துக்கொண்டார். எழுந்து நடந்தார், தாடியை இழுத்துக்கொண்டார்.

"அவன் விழறான். பட்டனை அமுக்குவாங்க. அவன் எந்திரிக்க மாட்டான். மறுபடி அமுக்குவாங்க. அவன் எந்திரிக்க மாட்டான். கூட்டத்துல ஒருத்தி ஓடி வருவா. இனிமே பட்டன் அவளுக்கு. மலையோட மிச்சத்தை அவ ஏறணும்." அவளைப் பார்த்தார். "பந்தக்கா, நீங்க ஏறணும்."

"அப்ப விழறது தம்பிதானா?" என்றாள்.

"அது தம்பிதான்."

"நல்லாத்தான் விழுந்தான்" என்றாள். அதைச் சொல்ல அவளுக்குச் சிரமமாக இருந்தது, இருந்தாலும் சொன்னாள். பிறகு பிய்த்துப் போட்ட உருண்டைகளைத் தேடி எடுத்து வந்து ஒட்டச் சொன்னாள்.

அந்தப் பெண்ணைத் திரையில் வரையும்போது சாமியாருக்குப் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. தலையில் நீல முக்காடு போடலாம், நெற்றியில் ஒரு பிறை வைக்கலாம், பின்னால் லேசாக ஒரு ஒளி வட்டம் என்று தொடங்கினார். பந்தக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இவளுக்கும் பின்னாடி விளக்கு மாட்டினீங்கன்னா நான் வீட்டுக்குப் போறேன்."

"ஒரு அடையாளம் வேணாமாக்கா? ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குழந்தையை வெச்சிருக்கா இல்ல, அதுலயே தெரியும்."

விளக்கை எடுத்துவிட்டார்கள். குள்ளமாகவே வரைந்தார்கள். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, அவள் நடந்தால் அவள் மாதிரியே ஒருத்தி திரையில் நடந்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். "ஐயோ, அம்மா கடைக்குப் போற மாதிரியே இருக்கு" என்றாள் மகள். அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா?

கடைசி ஏற்றத்தைப் பலகைகளை அடுக்கி எடுத்தார்கள். மணல் பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கை வலித்தால் அடுத்த பக்கம் மாற்றிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். எதையும் நடிக்கவில்லை. உச்சியில் நின்றதும் சாமியார் கீழேயிருந்து, "இப்ப ரெண்டு கையையும் வானத்தை நோக்கி..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். "வேணாம். உங்களுக்கு என்ன தோணுதோ அதைப் பண்ணுங்க."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தாள். பொம்மையின் கையைப் பிடித்து, ஊற்றுப் பாறை என்று அட்டையில் செய்து வைத்திருந்ததைத் தொட வைத்தாள். மறுபடியும் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"சார், இவ்வளவு தூரம் ஏறி வந்தவளுக்கு உக்கார ஒண்ணும் இல்லையா?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். இப்போது அந்த விளையாட்டில் மலை உச்சிக்குப் போனால், ஊற்றுக்குப் பக்கத்தில் தட்டையாக ஒரு கல் இருக்கும். தண்ணீர் பொங்கி ஊரை நோக்கி ஓடும்போது, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் அதில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வாள். எந்தப் பட்டனை அமுக்கினாலும் எழுந்திருக்க மாட்டாள்.